சேணக்காரரின் இரண்டாம் மனைவி

ஒரு பெண் இன்னாருக்கு மனைவியாக வாழ்ந்தாள் என்பதை, அவளும் அவளை அறிந்தவர்களும் மறைந்த பிறகு யார் தீர்மானிப்பது? புவாண்ட்-கிளேர் என்ற புறநகரில் நான் குடியிருந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில், யாரும் தொடாத தேநீர் ஆறிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது. சமூகப்பணியில் ஒரு பட்டத்தை மதுரையில் முடித்து, அடுத்ததற்காகக் கனடாவின் மொன்றியல் நகருக்கு வந்திருந்தேன். குடும்பங்களைப் பற்றி ஓரளவு தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

வீட்டின் உரிமையாளர் ஆங்கிலம் பேசும் விதவை. எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒரே மகன் நாட்டின் மறுகோடியில், மலைகளுக்கு அருகே இருந்தான். நிலவறையில் இருந்த அறையை எனக்கு வாடகைக்குத் தந்தபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: மாலைகளில் தனக்கு நான் வாசிக்க வேண்டும். அவருடைய கண்ணின் நடுப்பகுதி பழுதாகியிருந்தது. பக்கவாட்டில் இருப்பவை தெரியும். நேராகப் பார்க்கும் எதுவும் தெரியாது. என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் என் தோளுக்கு அப்பால் எங்கோ பார்ப்பார். அவரை நான் இங்கே அம்மையார் என்றே குறிப்பிடுகிறேன். எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. என் நினைவில் அது என் ஊர்ப் பேச்சாகவே தங்கியிருப்பதால் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் செய்தித்தாள் வாசித்தேன். பிறகு துப்பறியும் கதைகள். பனிக்காலம் தொடங்கிய ஒரு மாலையில், கதையைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"செத்துப்போனவங்களைத் தேடுறதுல உனக்கு ஏதாவது பழக்கம் உண்டா?"

அவர் தேடியது தன் கொள்ளுப்பாட்டியை. கொள்ளுத்தாத்தா விக்டோரியா அரசியின் காலத்தில் இந்த நகரத்தின் துறைமுகப் பகுதியில் கடை வைத்திருந்த சேணக்காரர். வண்டிக் குதிரைகளுக்கு வேண்டிய வார்களும் சேணங்களும் தைத்து விற்றவர். ஊர் முழுவதும் குதிரைகளால் இயங்கிய நாட்களில் அது நல்ல தொழில். மலைச்சரிவில் உள்ள புராட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்துக்கென்று இடமும் உயரமான சாம்பல்நிறக் கல்லும் வாங்கி வைக்கும் அளவுக்குச் சம்பாதித்திருக்கிறார். கல்லில் அவர் பெயர் இருக்கிறது. அதன்கீழே 'அன்பு மனைவி' என்று முதல் மனைவியின் பெயர். பிறகு குழந்தையிலேயே இறந்த இருவர், வளர்ந்து இறந்த மூத்த மகன். இரண்டாவதாக வந்து, அந்த வீட்டில் கடைசிவரை இருந்து, அம்மையாரின் பாட்டியைப் பெற்றவளின் பெயர் மட்டும் இல்லை. அவளும் அதே இடத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறாள் என்று கல்லறை அலுவலகத்தில் உறுதி செய்தார்கள்.

"கண்ணு முழுசாப் போறதுக்குள்ள அந்தப் பேரை அங்க வெட்டிடணும்," என்றார். "கல்லுல வெட்டின எழுத்தைப் படிக்கக் கண்ணு வேண்டாம், விரல் போதும்."

ஆனால் கல்லின்மீது அவருக்கு உரிமை கிடையாது. முதல் மனைவியின் மூத்த மகன் வழியாக அது இறங்கி, அருகிலுள்ள இல்-பிசார் தீவில் வாழ்ந்த ஓய்வுபெற்ற ஒரு பொறியாளரிடம் வந்திருந்தது. ஒரே கொள்ளுத்தாத்தாவின் வழிவந்தவர்கள் என்பதைத் தவிர இருவருக்கும் இடையே கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் மட்டுமே இருந்தன. அவர் தொலைபேசியில் மரியாதையாகவே பேசினார். அவள் யார் என்று தெரிந்தால் தனக்கு ஆட்சேபம் இருக்காது என்றார். பெயர் தெரியும்; எந்த வீட்டுப் பெண் என்பதுதான் அம்மையாருக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமைகளில் நான் பஸ்ஸும் மெட்ரோவும் பிடித்து நகரத்துக்குப் போனேன். ஆவணக் காப்பகத்தின் இருட்டறையில் தேவாலயப் பதிவுகளின் மைக்ரோஃபிலிம் சுருளைக் கருவியில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பேன். ஆங்கிலிக்கன், பிரெஸ்பிட்டேரியன், மெதடிஸ்ட் என்று ஒவ்வொரு சபையாகப் பார்த்தேன். சேணக்காரரின் முதல் திருமணம் இருந்தது. முதல் மனைவியின் அடக்கம் இருந்தது. இரண்டாம் திருமணம் எங்கேயும் இல்லை.

மாலையில் குளிரில் மரத்துப்போன கால்களை உதறிக்கொண்டு வீட்டுக்குள் வரும்போது, நான் அக்கா என்று கூப்பிட்டவர் இருப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பிள்ளைகளை இங்கே ஆளாக்கிய கத்தோலிக்கப் பெண்மணி. வாரத்தில் இருமுறை வீட்டு வேலைக்கும் அம்மையாரின் துணைக்கும் வருவார்.

"என்ன தங்கச்சி, இண்டைக்கும் செத்த ஆக்களோடையோ?"

"ஆமாக்கா. இன்னும் கிடைக்கல."

"உயிரோடை இருக்கிற ஆக்களை இப்பிடித் தேடியிருந்தால், இதுக்குள்ளை உமக்கு ஒரு கலியாணமெண்டாலும் சரிவந்திருக்கும்."

இந்தக் கிண்டலை மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லி அம்மையார் கேட்பார். நான் வேறு ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். அக்கா தன் ஆங்கிலத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார்.

பனி உச்சத்தில் இருந்த ஒரு நாள், பார்க்க இனிச் சபைகள் எதுவும் இல்லை என்று அம்மையாரிடம் சொன்னேன்.

"அப்போ கல்யாணமே நடக்கலைன்னு வெச்சுக்கலாமா?" என்றார். "அவ அந்த வீட்டு வேலைக்காரியா இருந்திருப்பாளோன்னு எனக்குச் சின்ன வயசுல இருந்தே ஒரு பயம். பெரிய பிள்ளைகள் அவளை அம்மான்னு கூப்பிட்டதே இல்லையாம். ஆண்ட்டின்னுதான் கூப்பிடுவாங்களாம்."

துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தாமலே என்னிடம் கேட்டார்.

"ஆண்ட்டி எண்டோ கூப்பிட்டவையள்? அப்ப அது தாயின்ர தங்கச்சியெல்லே. மூத்தவ செத்திருப்பா. பிள்ளையளைப் பார்க்க ஆள் வேணும். தங்கச்சியைக் கட்டி வைச்சிருப்பினம். இதுக்கு ஏன் நீர் ஒவ்வொரு சனிக்கிழமையும் பனிக்குள்ளை ஓடுறீர்?"

"வெள்ளைக்காரங்க வீட்ல அப்படி நடக்குமாக்கா?"

"வெள்ளைக்காரன்ர வீட்டிலை பிள்ளையள் தாங்களாவே வளருங்களோ? என்ர அம்மாவும் அப்பிடி வந்தவதான். பெரியம்மா மூண்டு பிள்ளையளை விட்டிட்டுச் செத்துப்போனா. எங்கட கோயில் சாமியார் பிஷப்பிட்டை விசேஷ அனுமதி எடுத்துத்தான் கட்டி வைச்சவர். அனுமதி எடுத்தால் சரி. அதிலை ஒரு குறையும் இல்லை."

நான் அதை அம்மையாருக்குச் சொன்னேன். எனக்கும் அதில் வியப்பு எதுவும் தோன்றவில்லை. எங்கள் பக்கத்திலும் தெருவுக்கு ஒரு குடும்பம் இப்படி இருந்தது. அம்மையார் அக்காவின் திசையிலிருந்து சற்று விலக்கிப் பார்த்தபடி, அவரைத் தெளிவாகக் காணும் விதத்தில், சிரித்தார். வேலைக்காரியாக இருந்திருக்கலாம் என்று அறுபது எழுபது ஆண்டுகளாகச் சந்தேகித்த ஒருத்தி ஒரே பேச்சில் அந்தக் குடும்பத்தின் சொந்த ரத்தமாகிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை முதல் மனைவியின் பிறந்த வீட்டைத் தேடினேன். ஒரு தச்சரின் குடும்பம். மூத்தவள் சேணக்காரரின் முதல் மனைவி. கடைசி மகளின் பெயர் அம்மையாரின் கொள்ளுப்பாட்டியின் பெயர். அக்கா சொன்னதில் பிழையில்லை. திருமணப் பதிவு இங்கே ஏன் இல்லை என்று காப்பகத்தில் விசாரித்தபோது, இறந்த மனைவியின் சகோதரியை மணப்பது அந்நாளில் இங்கே சட்டப்படி செல்லாது என்றும், அப்படி மணக்க விரும்பியவர்களில் சிலர் ரயிலேறி எல்லை தாண்டி அமெரிக்க ஊர்களில் மணந்து திரும்பினார்கள் என்றும் தெரிந்தது. எல்லையை ஒட்டிய ஊர்களுக்கு எழுதிக் கேட்டேன். பனி உருகத் தொடங்கிய சமயத்தில் அவற்றில் ஒன்றிலிருந்து திருமணத்துக்கான சான்று வந்தது. சில ஆண்டுகளிலேயே இங்கேயும் சட்டம் மாறி, முன்பு நடந்த அத்தகைய திருமணங்களையும் ஏற்றுக்கொண்டிருந்தது. அதையும் தேடிப் படித்து வைத்துக்கொண்டேன்.

விளைவுகளை எண்ணிப் பார்க்காமல் எதையும் செய்வதில்லை என்பது என் பழக்கம். இதையும் எண்ணிப் பார்த்தேன். திருமணம் நடந்ததற்குச் சான்று இருக்கிறது, சட்டம் ஏற்றிருக்கிறது, இருவரும் உடன்பிறந்தவர்கள் என்பதால் இரு கிளைகளும் முன்னைவிட நெருக்கமாகின்றன. யாருக்கு இதில் நட்டம் என்று நான் தேடியபோது ஒருவரும் கிடைக்கவில்லை. நான் தேடியதெல்லாம் என் ஊர்க் கண்ணோடுதான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

பொறியாளரை அம்மையார் தேநீருக்கு அழைத்தார். என்ன சொல்வது என்று முதல்நாளே ஒத்திகை பார்த்தார். அக்கா சொல்லித்தந்த வாக்கியம் அவருக்குப் பிடித்துப்போயிருந்தது: அக்காள் பிள்ளைகளுக்காக வந்தவள். அந்த ஞாயிறு அக்காவுக்கு வேலை நாள் இல்லை. ஆனாலும் தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு, இறைச்சி வைத்துத் தான் பொரித்த ரோல்ஸ் ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பொறியாளர் உயரமானவர். டை கட்டி, வாசலிலேயே காலணியைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். ரோல்ஸை ருசித்துச் சாப்பிட்டார். உறைப்பில் கண் கலங்கியும் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். அக்கா எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஆள் பரவாயில்லை," என்றார்.

அம்மையார் தொடங்கினார். தான் தயார்செய்ததை விட அழகாகவே சொன்னார். தச்சரின் வீடு, தாயில்லாத பிள்ளைகள், இளையவள் ரயிலேறிப் போய் மணந்து வந்தது. "அக்காள் பிள்ளைகளுக்காக வந்தவ. நாம ரெண்டு பேரும் நினைச்சதைவிட நெருங்கின சொந்தம்," என்று முடித்தார்.

பொறியாளர் கையிலிருந்ததைத் தட்டில் வைத்தார்.

"அப்போ அது அவதானா?" என்றார். "அந்த ஆண்ட்டி, பிள்ளைகளோட அம்மாவுக்குச் சொந்தத் தங்கச்சியா?"

"ஆமாம்."

"அவ எப்போ அந்த வீட்டுக்கு வந்தான்னு உங்களுக்குத் தெரியுமா?"

அம்மையார் என் பக்கம் திரும்பினார். எனக்குத் தெரியாது என்றேன்.

"எங்க வீட்ல தெரியும். பிள்ளைகளோட அம்மா படுத்த படுக்கையா இருந்தப்பவே ஒருத்தி அங்க வந்து தங்கிட்டா. மூத்த பையன் பார்த்துக்கிட்டு இருந்தான். அவன்தான் என் தாத்தா. எதைப் பார்த்தான்னு கடைசி வரைக்கும் அவர் சொல்லல. ஆனா அந்தக் கல்லுல அவ பேரைப் போட விடலை. வெளியாள் யாரோ ஒரு பொம்பளைன்னுதான் நான் இத்தனை நாளா நினைச்சேன், அதனாலதான் ஆட்சேபம் இல்லைன்னு சொன்னேன். சொந்தத் தங்கச்சின்னு இப்போதான் தெரியுது."

அவர் குரலில் கோபம் இல்லை. அருவருப்பை அடக்கிக்கொள்பவரின் மரியாதை இருந்தது. நான் குறுக்கிட்டு, அந்தத் திருமணத்தைச் சட்டம் பின்னாளில் ஏற்றுக்கொண்டது என்றேன்.

"சட்டம் ஏத்துக்கிட்டிருக்கும்," என்றார். "ஒரு சின்னப் பையன் ஏத்துக்கலை."

நோயாளியான அக்காளைப் பார்த்துக்கொள்ளத் தங்கை வந்திருக்கலாம்; அதைவிட இயல்பானது எது? அவர் நினைப்பதுபோலவும் நடந்திருக்கலாம். அந்த வீட்டின் படுக்கையறைக் கதவுக்கு உள்ளே என்ன இருந்தது என்பதை எந்தக் காப்பகமும் எனக்குச் சொல்லப்போவதில்லை. அம்மையாரின் விரல்கள் மேசை விரிப்பின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தன. அக்கா தேநீர்க் கெண்டியைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலில் நின்றிருந்தார். எல்லாம் அவருக்குப் புரிந்திருந்தது. கெண்டியை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். சற்று நேரம் கழித்து நானும் போனேன்.

"வருத்தம் வந்து படுத்த படுக்கையாக் கிடக்கிறவளைப் பார்க்கத் தங்கச்சி வராமல் வேற ஆர் வாறது?" என்றார், என்னைப் பார்க்காமல். தண்ணீர்க் குழாய் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

"நானும் அதைத்தான் நினைச்சேன்க்கா."

"அம்மாவும் பெரியம்மா வருத்தமாக் கிடக்கேக்கைதான் வந்தவ." குழாயை மூடினார். "எங்கட பெரியண்ணை, பெரியம்மான்ர மூத்தவர், அம்மாவோடை கதைக்கிறேல்லை. சாப்பாடு போட்டால் தின்பார். ஒரு சொல்லுக் கதைக்கமாட்டார். அவற்ரை குணம் அது எண்டு நாங்கள் விட்டிட்டம். ஏனெண்டு நான் ஒருநாளும் யோசிச்சதில்லை, தங்கச்சி."

நான் அவருடைய தோளைத் தொட்டேன். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார். பொறியாளருக்கு வணக்கம் சொல்லாமல் பின்வாசல் வழியாகவே போய்விட்டார்.

சில வாரங்களுக்குப் பிறகு பொறியாளர் தொலைபேசியில் அழைத்தார். தூக்கமில்லாமல் யோசித்ததாகச் சொன்னார். அவர் கொடியவர் அல்ல. அம்மையாரின் கண்ணைப் பற்றி அவருக்கும் கவலை இருந்தது. ஒரு யோசனை சொன்னார். பெயரை வெட்டலாம். முழுப்பெயர், பிறந்த வீட்டுப் பெயரோடு. அதன்கீழே, மேலே உள்ள முதல் மனைவியைக் குறித்து, 'அவருடைய தங்கை' என்று போடலாம். மனைவி என்று போடுவதற்கு மட்டும் தன்னால் கையெழுத்திட முடியாது.

அம்மையார் அன்றிரவு என்னிடம் ஒன்றும் வாசிக்கச் சொல்லவில்லை. மறுநாள் கேட்டார்.

"நீ படிச்சவ. நீ என்ன சொல்ற?"

நான் அதை எடைபோட்டுப் பார்த்தேன். ஏற்றுக்கொண்டால், இனி அந்தக் கல்லைப் பார்க்கும் யாரும் அவளை மணமாகாமல் அக்காள் வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தவள் என்றுதான் நினைப்பார்கள். அம்மையாரின் பாட்டி யாருக்கும் பிறக்காதவளாகிவிடுவாள். மறுத்தால், அவள் இப்போதுபோலவே பெயரில்லாமல் கிடப்பாள். அம்மையாருக்கு எஞ்சியிருக்கும் பார்வையும் காலமும் வாதத்தில் கழியும். வழக்குத் தொடுக்கலாம் என்றால், நாங்கள் வாதாட வேண்டியது என்றோ இறந்துபோன ஒருவரின் சிறுவயது மனத்தாங்கலோடு. எந்தப் பக்கம் தராசு சாய்ந்தாலும் மறுபக்கத்தில் உண்மையான ஒருவர் இருந்தார். படிப்பு எனக்குக் கொடுத்திருந்ததெல்லாம் இந்த இரண்டு பக்கங்களையும் தெளிவாகப் பார்க்கும் திறன்தான். எதைச் செய்யலாம் என்று சொல்லும் துணிவு அதிலிருந்து வரவில்லை.

"எனக்குத் தெரியலை," என்றேன்.

"பரவாயில்லை," என்றார், என் தோளுக்கு அப்பால் பார்த்தபடி. "எனக்கும் தெரியலை. ஆனா எனக்குக் காத்திருக்க நேரம் இல்லை." பொறியாளரைத் தானே அழைத்துச் சம்மதம் சொன்னார்.

தரை காய்ந்து, மேபிள் மரங்கள் தழைத்த பிறகு கல்வெட்டுபவர்கள் வேலையை முடித்தார்கள். பொறியாளர் தன் காரில் எங்களை மலைச்சரிவுக்கு அழைத்துச்சென்றார். அக்காவையும் கூப்பிட்டிருந்தேன். அன்றைக்குத் தேவாலயத்தில் ஒரு குழந்தைக்குத் திருமுழுக்கு இருப்பதாகச் சொன்னார்.

அம்மையாரைக் கல்லின் அருகே கொண்டுபோய் நிறுத்தி, புதிய வரியின் தொடக்கத்தில் அவருடைய கையை வைத்தேன். பழைய எழுத்துகள் மழுங்கிப் பாசி ஏறியிருந்தன. புதியவற்றின் ஓரங்கள் இன்னும் கூராக இருந்தன. அவர் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை மெல்லத் தடவினார். பிறகு திரும்பத் தொடங்கிய இடத்துக்கு வந்து மீண்டும் தடவினார். அதற்குக் கீழ் இருந்த வரிக்கு அவருடைய கை இறங்கவில்லை.

"கீழ என்ன போட்டிருக்கு?"

"நாம பேசினதுதான்," என்றேன்.

"படி."

படித்தேன். அவர் தலையசைத்தார். பொறியாளர் சற்றுத் தள்ளி, அம்மையாரின் மேலங்கியைக் கையில் மடித்துப் பிடித்தபடி, தன் கொள்ளுப்பாட்டியின் பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் மூவரில் யார் முகத்திலும் நிறைவு இல்லை. பொய்யென்று சொல்லத்தக்க எதுவும் அந்தக் கல்லில் இல்லை. அதனாலேயே அதை எதிர்க்கவும் வழி இல்லை. திரும்பும் வழியில் பொறியாளர் வானிலையைப் பற்றிப் பேசினார். அம்மையார் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

இலையுதிர் காலத்தில் வீடு விற்கப்பட்டது. அம்மையார் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனார். முன்பெல்லாம் வாழ்த்து அட்டையோடு நிறுத்திக்கொண்ட பொறியாளர் அங்கே அடிக்கடி போய் அவரைப் பார்த்துவந்தார். வீடு விற்கப்படும் முன்பே அக்கா ஒரு குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். வழியில் என்னைக் கண்டால் நின்று பேசுவார். என் கலியாணத்தைப் பற்றிக் கேலி செய்வார். அவருடைய பெரியண்ணையைப் பற்றி அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நான் பட்டத்தை முடித்து, புதிதாக வந்த குடும்பங்களுக்கான ஒரு நிலையத்தில் பணிக்குச் சேர்ந்தேன். அங்கே என்னிடம் வருபவர்களின் வீட்டில் யார் யாருக்கு என்ன உறவு என்பதை நானாக ஊகித்து எழுதுவதில்லை. அந்த வீட்டின் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டு, அவரவர் சொன்னதை அவரவர் பெயருக்கு எதிரே எழுதுகிறேன்.